அவர் பெயரில் அசையும் எண்

தொம்மலூரில் ஒரு வங்கியில் டோக்கனுடன் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்காத காட்டன் புடவை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் கிரெடிட் ஸ்கோரைத் திறந்து பார்த்தார்.

“சும்மா சும்மா பார்த்தா ஏறாதும்மா. நீங்க பில் கட்டினதை பேங்க் எழுதி அனுப்பினாதான் மாறும்,” என்றேன்.

“தெரியும் சார். மாசாமாசம் தவறாம கட்டுறேன், ஏறிட்டேதான் இருந்துச்சு. இது எங்க வீட்டுக்காரரோடது.”

“அவர் வரலையா?”

“அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க சொல்லல. சொன்னா அவர் கிரெடிட் கார்டை மூடிடுவாங்க. அவரோடதுல இந்த நம்பர் ஒண்ணுதான் இன்னும் அசையுது.”

நான் அவர் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“போன வாரம் திடீர்னு இறங்கிடுச்சு. அவர் பேர்ல புதுசா லோன் கேட்டிருக்காங்களாம், அதான். நான் கேக்கல சார்.”

“யாரோ மோசடி பண்றாங்கம்மா. உடனே புகார் கொடுங்க.”

அவர் சிரித்தார். அந்த முகத்தில் பயமே இல்லை.

“புகாருக்கு வரல சார். எந்த பிராஞ்சுக்கு அவர் வந்து கேட்டாருன்னு விசாரிக்கத்தான் வந்தேன்.”

அந்த அம்மாளின் டோக்கன் எண்ணை அழைத்தார்கள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கவுன்ட்டருக்குப் போனார். அங்கே என்ன பதில் கிடைத்ததென்று இருந்து கேட்டிருக்கலாம். என் முறை வருவதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.