காற்று இறக்கிய வழிகாட்டி

சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற வேலையில், முன்னால் போகிறவனுக்குக் கடலும் தெரியாது, மலையும் தெரியாது; பின்னால் வருகிற மனுஷன் விழாமல் வருகிறாரா என்கிற ஒரே நினைப்புதான். இந்தப் பாடு பட்ட சகபாவிகள் யாராவது இதைப் படித்தால், நான் பாதி சொல்லும்போதே மீதி விளங்கிவிடும்.

1930களில், எங்கள் பக்கம் திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இருந்த காலம். கோட்டாறில் மீரான் சாயிபு வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். கன்னியாகுமரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கரையோரமாகக் குளச்சல் வரைக்கும், உள்ளே பத்மநாபபுரம், குழித்துறை வரைக்கும் சைக்கிளில் சுற்ற ஆசைப்பட்டால் கூடப் போகிற ஆள் நான். அதற்கு முன்னால் அதே கடையில் ஆறு வருஷம் பஞ்சர் ஒட்டினவன்.

முதலாளி ஒரு சிவப்பு நோட்டு வைத்திருந்தார். பயணம் போனவர் எவரானாலும் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கங்களுக்கு நம்பர் போட்டிருந்தார், நான் கிழித்துவிடாமல் இருக்க! "ஏலே ஞானமுத்து, மூணு குறை வந்துதுன்னா சைக்கிளை நிறுத்திட்டுப் பஞ்சர் பெட்டிகிட்ட போயி இருந்துக்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பஞ்சர் ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் வழிகாட்டிக்கு மட்டும்தான் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி. என் மனைவி அன்னம்மாள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது, வண்டிக்காரர் மாட்டைத் தேடிப் பிடித்துப் பூட்டி, நாலு மைலில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது; பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை நான் சைக்கிளில் பறந்துபோய் நர்சம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்துவிடுவேன் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. "சைக்கிள் இருக்கும் இல்லியா?" என்று அவள் தினமும் கேட்பாள். இருக்கும் என்பேன்.

மணவாளக்குறிச்சி மணல்

கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்ட ஒரு வித்தை உண்டு. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்புறம் அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் புதையாமல் போகலாம். திருச்சியிலிருந்து வந்த இரண்டு காலேஜ் வாத்தியார்களுக்கு மணவாளக்குறிச்சியில் இந்த வித்தையைக் காட்டினேன். கறுப்பு மணலில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கரையை விட்டு மேலே ரோட்டில் ஏறின பிறகுதான் பம்பு ஞாபகம் வந்தது. அதைச் சாப்பாட்டுக் கூடையோடு மாட்டுவண்டியில் குளச்சலுக்கு அனுப்பிவிட்டிருந்தேன்! சரளைக்கல் ரோடு. காற்றில்லாமல் ஏறி ஓட்டினால் டியூப் கிழிந்துவிடும். மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். உச்சி வெயிலிலும் அந்த இரண்டு பேரும் சிரித்த முகத்தோடே வந்தார்கள், அதுதான் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நோட்டில் மூத்தவர் எழுதினார்: "வழிகாட்டி தங்கமான மனிதர். சைக்கிளில்தான் வரவில்லை, நடந்து வந்தோம்."

அடுத்த வளைவு

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று. எவ்வளவு தூரம் என்று வழிப்போக்கன் கேட்டால் உள்ளதைச் சொல்ல மாட்டோம். பாவம், நடந்து களைத்தவன் சோர்ந்து போவானே என்று, "இந்தா, அடுத்த வளைவு" என்போம். இதில் பொய் சொல்கிற எண்ணமே கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிதான் நினைப்போம்.

கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு, குழித்துறையில் திருவனந்தபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ராத்திரி ரயில் ஏறினால்தான் மறுநாள் காலையில் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியும். ஏற்றமும் இறக்கமுமான ரோடு. அவர் கேட்கும்போதெல்லாம் நான் பழக்க தோஷத்தில் "அடுத்த வளைவு" என்றேன். அவரும் அதை நம்பி, ஒரு மரத்தடியில் இளநீர் குடித்தார், ஒரு கடையில் வெற்றிலை போட்டார். கெடிகாரத்தை நான் பார்க்கவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது பஸ் அக்கரையில் புழுதி கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினார். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசும். வாடகைக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றிவிட்டேன். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. காரில் ஏறுமுன் நோட்டை வாங்கி எழுதினார்: "வளைவுகளை நான் எண்ணினேன். பதினேழு."

முதலாளி படித்துவிட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அன்னம்மாளிடம் நான் சொல்லவில்லை.

வட்டக்கோட்டை மதில்

பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தா, கூட நாலு கூட்டாளிகள். வட்டக்கோட்டை மதில்மேல் ஏறிப்போகச் சரிவான பாதை உண்டு. அதைக் கண்டதும் குமாஸ்தாவுக்கு ஆசை வந்துவிட்டது, மதில்மேல் சைக்கிள் விட வேண்டுமாம். கீழே பாறையில் கடல் அடிக்கிறது. காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. வேண்டாம் என்றேன். "நோட்டு எங்கப்பா இருக்கு?" என்றார் அவர். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பாவிகள்!

ஓட்டினார். நான் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஒரு இடத்தில் முன்சக்கரம் கல்லில் தட்டிக் கடல் பக்கம் திரும்பியது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், சீட்டை விடாமல். சைக்கிளும் நின்றது. என் கால் முட்டு இரண்டிலும் தோல் போயிற்று. அவர் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டாளிகள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: "நல்லதாவே எழுதுதேன் அண்ணாச்சி, நீங்க பிடிச்சிருந்ததை மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

மணக்குடிப் பொழி

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு நாள். அன்னம்மாளுக்கு மாசம் நிறைந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். கன்னியாகுமரி தொடங்கிக் குளச்சல் வரை ஒரே நாளில் சைக்கிளில் போய்விடுவதாகப் பழைய மாணவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தார். அவர்கள் மாலையோடு குளச்சலில் காத்திருந்தார்கள்.

மணக்குடியில் காயல் என்கிற கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைத்தான் பொழி என்போம். திட்டு அடைந்திருந்தால் அதன்மேலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு அக்கரை போய்விடலாம். அன்றைக்கும் அடைந்துதான் இருந்தது. ஆனால் காயல் விளிம்பு வரைக்கும் தளும்பி நின்றது. மீன்பிடி வள்ளங்களை எல்லாம் மேட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ஏ மக்கா, போவாத! மேல வயலெல்லாம் முங்கிக் கெடக்கு, பொழி வெட்டுதாவ" என்றாள். அக்கரைப் பக்கம் பத்துப் பேர், தண்ணீரைக் கடலுக்கு வடியவிட, மண்வெட்டியோடு திட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "முழ அகலம் வாய்க்கால். சைக்கிளைத் தூக்கித் தாண்டிடலாம். வாரும்."

"ஐயா, அது முழமாவே இருக்காது. தண்ணி ஓட ஆரம்பிச்சா திட்டையே தின்னுரும்."

"திரும்பிப் போனா என்ன எழுதுவேன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியும். மூன்றாவது. என் கண்முன்னே அன்னம்மாள் வாசலில் நின்று, சைக்கிள் எங்கே என்று கேட்டாள். போய்விடலாமா என்று நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். ஓடினால் தாண்டிவிடலாம் என்று ஒரு காலை மணலில் வைத்துவிட்டேன்கூட. அதற்குள் அவர் என்னைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கும் வீட்டில் யாரோ இருப்பார்களே என்று தோன்றியது. ஓடிப்போய் அவர் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் வால்வைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். புஸ்ஸென்று காற்று இறங்கியது. காற்றில்லாத சக்கரம் அந்தப் பொல பொல மணலில் புதைந்து நின்றுவிட்டது.

அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ராஸ்கல்! போலீசில் சொல்வேன்!" என்று கத்தினார். சைக்கிளைக் கரைக்கு இழுத்துவந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, நோட்டை வாங்கி, பேனாவைத் திறந்து எழுதினார். எழுத எழுத வாய்விட்டும் சொன்னார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. கையெழுத்தும் போட்டார்.

பேனாவை அவர் இன்னும் மூடவில்லை. அக்கரையில் கூச்சல். வெட்டினவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முழ அகலம் ஆளகலமாகி, வண்டியகலமாகி, திட்டு புட்டு உதிர்வதுபோல இரண்டு பக்கமும் உதிர்ந்து விழுந்தது. காயல் முழுக்க இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. நாங்கள் போயிருந்தால் அந்நேரம் திட்டின் நடுவில் நின்றிருப்போம். அந்த இடத்தில் இப்போது கலங்கல் தண்ணீர் சுழன்றது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்தார். நோட்டை மறுபடி மடியில் வைத்து, எழுதினதை அடிக்காமல், கீழே இன்னொரு வரி எழுதி என்னிடம் கொடுத்தார். முழுப் பக்கமும் இதுதான்: "இவன் என் சைக்கிளின் காற்றைப் பிடுங்கி என் பயணத்தைக் கெடுத்தான். மேலே கண்டது முற்றும் உண்மை. அதனால்தான் இதை எழுத நான் உயிரோடிருக்கிறேன்."

முதலாளியின் தீர்ப்பு

மீரான் சாயிபு அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பஞ்சர் பெட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டை மூடிச் சொன்னார்: "குறையை எழுதினவரு குறைக்குக் கீழயே பதிலும் எழுதிட்டாரு, அதை எண்ணுததுக்கு நான் யாருலே? சைக்கிளை எடுத்துட்டு வீட்டுக்குப் போ."

பின்சீட்டு

நாலாம் நாள் விடிகிற நேரத்தில் அன்னம்மாளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. நர்சம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன். அவர்கள் ஒரு கையில் பெட்டியையும் மறுகையில் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது பழைய வார்த்தைதான். வீட்டு வாசலில் இறங்கி, உள்ளே பொம்பிளைப் பிள்ளையைக் கையில் வாங்கி, அது வீறிட்டு அழுகிறதைக் கேட்ட பிறகுதான் நர்சம்மா வெளியே வந்து சொன்னார்கள்: "பிள்ளையும் தாயும் நல்லா இருக்காங்க, ஆனா நீங்க சொன்ன அடுத்த வளைவு இன்னும் வரலை."

இத்தனை வருஷம் இந்தக் கரை முழுக்க எத்தனையோ பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்த எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர், ஒருத்தரை மிதிக்க விடாமல் பண்ணினதற்குத்தான்.