வசனம் இல்லாத பக்கம்

ஓடைப்பட்டி முத்துவீரனின் படக்கதையில் எட்டுப் பக்கத்துக்குள் ஒரு பிணமாவது விழாவிட்டால் அது அவன் வரைந்ததே இல்லை. சிமெண்டுக்கும் உரத்துக்கும் சுவர் விளம்பரம் எழுதுவது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் வெட்டுக்குத்துதான். 1996இல் முதல் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, தானே தைத்து, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று விற்றான். எந்தப் பத்திரிகைக்காரனிடமும் போய்ப் பல்லிளித்ததில்லை. கதை, படம், விற்பனை எல்லாம் அவன். விற்காத புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிற கழுதையும் அவனேதான்.

"ஒரு பூவு, ஒரு புள்ளைய வரையக் கூடாதா? ரத்தத்துக்கு மசி வாங்கியே நம்ம குடி முங்கிரும்போல" என்பாள் அவன் மனைவி முனீஸ்வரி.

"பூவ ஒந்தலையில பாத்துக்கிறாக. ரத்தம்னாத்தான், புள்ள, காசு குடுத்து வாங்குறாக."

2003இல் உள்ளூர்க் கொலை ஒன்றையே வரைந்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, திராட்சை வியாபாரி செல்வமணியைப் பட்டப்பகலில் பந்தலுக்கடியில் வைத்து யாரோ வெட்டிச் சாய்த்திருந்தார்கள். போலீஸ் நடையாய் நடந்தும் ஆள் அகப்படவில்லை. முத்துவீரனுக்கு மட்டும் என்ன தெரியும்? அன்றைக்கு அவன் குச்சனூரில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். அத்தனையும் கற்பனை. வெட்டு விழுகிற படத்தை மட்டும் முழுப்பக்கத்துக்குப் போட்டான். அரிவாள் இறங்கும்போது எவன் வசனம் பேசிக்கொண்டிருப்பான் என்று அதில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. கொலைகாரன் முகத்தைத் துண்டால் மூடி, வலது கையில் அரிவாளைக் கொடுத்தான்.

ஆசைப்பட்டு முதல்தடவையாக ஆஃப்செட்டில் அச்சடிக்கக் கொடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். அச்சகத்தில் எந்தப் புண்ணியவானோ அந்த ஒரு பக்கத்துப் பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டான். எழுத்து இருந்திருந்தால் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பித் தெரிந்து யாராவது கத்தியிருப்பார்கள். இல்லையே! வலது இடதாகி, அரிவாள் நொட்டாங்கைக்குப் போய்விட்டது. கட்டு வந்து இறங்கியபோது பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம், இதையெல்லாம் எவன் பார்க்கப்போகிறான் என்று கடைகளுக்குப் போட்டுவிட்டான்.

பார்த்தான் ஒருவன். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டும் ராக்கப்பன். அவனுக்கு எல்லாமே இடது கை. நொட்டாங்கையன் என்று கூப்பிட்டவனுக்குப் பல் மிஞ்சியதில்லை.

"அண்ணே, மேல குமுளியில நம்ம கடைகளுக்கு மொத்தமா அம்பது புஸ்தகம் வேணும், வாங்க" என்று கூடலூர் பஸ் ஸ்டாண்டில் சிரித்துப் பேசித்தான் ஜீப்பில் ஏற்றினான். ஐம்பது என்றதும் நம்ம ஆள் வாயெல்லாம் பல்லாக ஏறி உட்கார்ந்தான். ஜீப் ஒரு புளியந்தோப்புக்குள் போய் நின்றது. ராக்கப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, நெஞ்சில் மிதித்தான். விலா எலும்பு முறிந்தது முத்துவீரன் காதுக்கே கேட்டது.

"பந்தலுக்குள்ள எங்கனடா ஒளிஞ்சிருந்து பாத்த?"

"எதண்ணே? நான் ஒண்ணும் பாக்கலயே!"

"பாக்காமலா நொட்டாங்கையில குடுத்த? வரைஞ்ச கைய நீட்டுறா."

யாரிடம் வந்து மாட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பிலிம் கதையைச் சொன்னால் இவன் கேட்பானா? வரைகிற சோத்தாங்கை போனால் அப்புறம் உயிரோடிருந்துதான் என்ன செய்வது? முத்துவீரன் இடது கையை நீட்டினான்.

"ஏலே, நீயும் நொட்டாங்கையா?" என்றான் ராக்கப்பன். ஒரு நொடி அவன் முகம் இளகியது. பிறகு வெட்டினான். முதல் வெட்டு மணிக்கட்டில் சிக்கிக்கொண்டது. அரிவாளை ஆட்டி உருவி, இரண்டாம் வெட்டில்தான் கையைத் துண்டாக்கினான்.

தேனி ஆஸ்பத்திரியில் முத்துவீரன் கண்விழித்தபோது, தோப்புக்காரர்கள் பிடித்துக் கொடுத்து ராக்கப்பன் லாக்கப்பில் இருந்தான், கையை வெட்டிய கேசில். அவன் தம்பிமார் கட்டிலோரம் வந்து குனிந்து சொல்லிவிட்டுப் போனார்கள்: "கொலையப் பாத்தேன்னு கோர்ட்ல வாயத் தொறந்தே, மிச்சக் கையும் இருக்காது."

எஸ்.ஐ. வந்து, செல்வமணி கொலையைப் பார்த்தாயா என்று கேட்டபோது, "சத்தியமாப் பாக்கலங்கய்யா, அச்சாபீசுல படம் மாறிப்போச்சு" என்றான். அதுதானே உண்மை. எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவர் தாளை நீட்டினார். வலது கை விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டான். பத்திரமாக இருந்தன. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டான்.

அப்போது செல்வமணியின் மனைவி பிச்சையம்மாள் உள்ளே வந்தாள். கையில் அந்தப் புத்தகம், விரித்த பக்கத்தோடு. திட்டப்போகிறாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தம்பி, போலீசு எம்புட்டோ பேருகிட்ட கேட்டுப் பாத்தாக, எவனும் பாத்தேன்னு சொல்லல. நீ பாத்திருக்க. பாக்காம இப்பிடி வரைய முடியாது" என்று படத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்கன எங்க வீட்டுக்காரு வாயத் தொறந்திருக்காகளே. சாகையில என்ன சொன்னாக?"

இத்தனை வருஷத்தில் அவன் படத்தை இப்படி நம்பியவர்கள் யாரும் இல்லை. பாழாய்ப்போனவள், வேறு எதைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றிருப்பான்.

"ஒங்க பேரச் சொல்லித்தான்க்கா கூப்பிட்டாக."

எஸ்.ஐ. அவனை நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.