அரியலூருக்குப் போய்வந்த கடல்குதிரை

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா அழிச்ச?"

அரியலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், பேரளி சுங்கச்சாவடி தாண்டியதும் என் மகள் யாழினி கேட்ட கேள்வி இது. மூன்று வாரம் ஆகிறது. அன்று போனதையும் வந்ததையும் வரிசையாக எழுதினால் எங்காவது பதில் அகப்படுமோ என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை 6.40. அரியலூரில் ஒரு பள்ளியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்காக அரும்பாவூரில் டவுன் பஸ் ஏறினோம். நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் யாழினி, இடுப்பில் அவளுடைய பத்து மாதத் தம்பி, ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் ஒன்றரை அடி உயரக் கடல்குதிரை. செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து யாழினியே செய்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில், அவள் அப்பாவின் பழைய நீலச் சட்டையிலிருந்து வெட்டிய பையை ஒட்டியிருந்தாள். பைக்குள் கோதுமை மாவில் உருட்டிக் காயவைத்த நாற்பது குட்டிகள்.

அன்று என் கணவருக்கு வார விடுப்பு. தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று முந்தின நாளே கேட்டேன்.

"கைப்புள்ளைய நான் எப்படி வச்சிக்கிறது? அழுதா என்ன பண்றது? நீயே தூக்கிட்டுப் போயிட்டு வந்துடு" என்றார். பெட்டியை மட்டும் சணலால் நன்றாகக் கட்டிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதுகூட அவரைக் குறை சொல்கிறேனோ என்று தயக்கமாக இருக்கிறது.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்டை, எசனை என்று இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நின்று நின்று போனது. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது 7.50. தம்பிக்கு ஒரு இட்லியைப் பிசைந்து ஊட்டிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு முப்பது ரூபாய், யாழினிக்குப் பாதி.

பக்கத்தில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னா பாப்பா இது, குதிரையா பல்லியா?"

"மீனு அத்தை" என்று யாழினி ஆரம்பித்தாள். ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தவள், விடுவாளா? "இதுக்குச் செதிலு கெடையாது, எலும்புத் தகடு வளையம் வளையமா இருக்கும். பல்லு கெடையாது, வயித்துல இரைப்பையே கெடையாது. தாடை ரெண்டும் ஒட்டிக் குழாய் ஆயிருக்கும், அதால உறிஞ்சித்தான் தின்னும். குழாய்மீனும் இதே குடும்பம். பொம்பள மீனு முட்டைய ஆம்பள மீனு பையில வச்சிடும். ஆம்பளதான் சுமந்து குட்டி போடும்."

"அய்ய! நெசமாவா?"

"நெசம். அது வரைக்கும் பொம்பள மீனு தெனம் காலையில வந்து பாத்துட்டு, கொஞ்ச நேரம் கூட நீந்திட்டுப் போயிடும்."

"எங்க வூட்டுல அந்தப் பாத்துட்டுப் போற வேலைய அவருதான் பாக்குறாரு!" என்றார் அக்கா. முன்சீட்டுப் பெண்கள் வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

யாழினி சொன்ன எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான் விலங்கியல் பட்டதாரி. மூன்றாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில், ஃபார்மலின் பாட்டிலில் இருந்த கடல்குதிரையைப் பார்த்து, "பை உள்ளது, எனவே ஆண்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அந்த மீன் குடும்பத்தில் இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தைப் பிரிவுகளாக வகைப்படுத்தியபோது தகப்பன் முட்டையை எங்கே சுமக்கிறான் என்பதைத்தான் முக்கிய அடையாளமாகப் பார்த்தார்கள். வாலில் சுமப்பவை ஒரு பிரிவு, உடலின் அடியில் சுமப்பவை ஒரு பிரிவு. சில குழாய்மீன்களுக்குப் பைகூடக் கிடையாது. முட்டைகள் அடிவயிற்றில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போதும் சுமப்பது தகப்பன்தான்.

9.05, அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் மரங்கள் எல்லாம் ஒரே நிறம். கண்காட்சி நடக்கும் பள்ளிக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய்.

"கல்லு இல்லையே?" என்று ஆட்டோக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இங்க சயின்ஸ் எக்ஸிபிஷன்னா எல்லாப் புள்ளையும் நத்தை மாதிரி சுருண்ட கல்லத்தான் தூக்கிட்டு வருதுங்க. ஒரு காலத்துல இங்க கடலு இருந்துச்சாம்ல. எங்கண்ணன் வூட்டுக் கக்கூஸ் படியிலயே ஒண்ணு இருக்கு."

அவர் சொன்னது சரிதான். கூடத்தில் முக்கால்வாசி மேசைகளில் கல்லாகிப்போன கடல். எங்கள் மேசையில் மட்டும் உயிரோடு இருக்கும் கடலின் மீன். யாழினிக்கு அதில் பெருமை. அட்டையில் சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள்: "குட்டிகளைச் சுமந்து பெற்றெடுப்பது தந்தை."

10.30. நடுவர் வந்தார். வெளியூர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். அட்டையை வாசித்தார்.

"என்ன பாப்பா, தந்தை பெத்தெடுக்குதா? தாயின்னு இருக்கணும்."

"இல்ல சார், அப்பாதான். பை அப்பாவுக்குத்தான் இருக்கும்."

"கங்காரு பாத்திருக்கியா? பை யாருக்கு இருக்கு?"

"அது வேற சார். இது மீனு."

"குதிரைங்கிற, மீனுங்கிற, அப்பா குட்டி போடுதுங்கிற!"

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். யாழினி என்னைக் காட்டினாள். "எங்கம்மா சொன்னாங்க. எங்கம்மா சுவாலஜி படிச்சிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். மூக்கொழுகும் பிள்ளை, தோளில் இட்லிக் கறை. "அப்படியாம்மா? நீங்க சொல்லுங்க, ஆம்பள பெத்துக்குமா?" குரலில் கோபம் இல்லை, சிரிப்புதான் இருந்தது.

ஒரு வாக்கியம் போதும். ஆமாம் சார், பெற்றுக்கொள்ளும். கைப்பையில் செல்போன் இருந்தது, படத்தையும் காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. படித்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்றே, தலைகீழாக நினைவு வைத்திருக்கிறேனோ? யாழினியின் சயின்ஸ் மிஸ் என் முழங்கையைத் தொட்டு, "மாத்திடுங்க மேடம், சீஃப் கெஸ்ட் வந்துடுவாங்க, பிரச்சினை வேணாம்" என்று கிசுகிசுத்தார்.

"சார் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றேன்.

மிஸ் ஒயிட்னர் கொடுத்தார். "தந்தை"யின் மேல் நானே பூசி, நானே ஊதிக் காயவைத்து, "தாய்" என்று எழுதினேன். யாழினி பேனாவைத் தர மாட்டேன் என்றாள். அவள் விரல்களைப் பிரித்துத்தான் வாங்கினேன்.

மதியம் 12.15. இரண்டாம் பரிசு. சான்றிதழும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும். சிறப்பு விருந்தினர் கடல்குதிரையைக் கையில் தூக்கிக்காட்டி மைக்கில் பேசினார். "ஒரு சின்ன மீன்கூடத் தாயாகித் தன் குழந்தைகளைச் சுமக்குது. அதுதான் தாய்மை. அதோ அந்த அம்மாவப் பாருங்க, கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்காங்க!" எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான். யாழினி மட்டும் தட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பெரியவங்கள எதுத்துப் பேசக் கூடாதுடா" என்றேன்.

"நான் அதக் கேக்கல" என்றாள்.

மாலை 4.30, வீடு. அவள் அப்பா டிபன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடல்குதிரையின் பைக்குள் விரலை விட்டு, "அட, நம்ம சட்டையில்ல!" என்று மகிழ்ந்தார்.

"இல்லப்பா. அது அம்மாவோடதுன்னு ஆயிடுச்சு" என்றாள் யாழினி. அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் அட்டையை எடுத்து ஒயிட்னரை நகத்தால் சுரண்டினேன். அட்டை கிழிந்தது. இப்போது அதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஓர் ஓட்டைதான் இருக்கிறது.

கடல்குதிரைத் தகப்பன் பெற்றதோடு சரி. அதன்பிறகு குட்டிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவையும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. என் வீட்டில் அப்படி இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. பாடம் படிக்க உட்காரும்போதெல்லாம் யாழினி கேட்கிறாள்: "சரியானத எழுதணுமா, மிஸ் கேக்கிறத எழுதணுமா?" கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறாள். சரியானதை எழுது என்று சொல்லும் தகுதியை நான் அரியலூரில் விட்டுவிட்டு வந்தேன். மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பள்ளிக்கு எழுதிச் சான்றிதழைத் திருப்பித் தரலாமா? அது அவளுடைய பரிசு, அதைப் பறிப்பது இன்னொரு தவறு ஆகிவிடுமோ? பிள்ளையின் கண்ணெதிரே இப்படி ஏதாவது ஒன்றை அழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதற்குப் பிறகு பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அவள் நம்பினாளா என்பதையும் எழுதுங்கள்.