காற்றடித்த சாராள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூலூரில் நல்ல தொண்டை என்று பேச்சு வந்தால், சாராளின் பெயரைச் சொல்லாமல் யாரும் நகர மாட்டார்கள். நல்ல தொண்டை என்றால் தேன் ஒழுகும் தொண்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய தொண்டை. கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போன மனுஷனின் மகள் அவள். பாவாடை தாவணிக் காலத்திலேயே தறிக்குடோனுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற வந்துவிட்டாள். வரிசையாகத் தறிகள் அடிக்கும் அந்த இடத்தில், பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதற்கே கத்த வேண்டும். அங்கே பாடிப் பழகிய தொண்டை அது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தத் தொண்டைக்கு ஒரு மரியாதை இருந்தது. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் அவள் இடம். பாட்டின் முதல் வரியை அவள் எடுத்தால்தான் சபை பின்னால் வரும். பக்கத்தில் உட்காரும் இட்லிக் கடை பங்காரம்மா மட்டும் காதைப் பொத்திக்கொள்வாள்.

“சாராளு, நீ பாடுனா ஆண்டவருக்கு நேராக் கேட்டுரும். நடுவுல இருக்கற என்ற காதுதான் போகுது.”

“அப்ப அக்கட்டால போய் உக்காருங்க அத்தை. இடமா இல்லை?”

“நான் எதுக்குப் போகோணும்? நீ வாரதுக்கு முந்தியே நான் உக்காந்த இடம்.”

அந்த வாரத்துச் சண்டை அவ்வளவுதான். அடுத்த வாரமும் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்வார்கள்.

சாராளுக்கு ஒரே பெண், ஃபெமினா. கோயிலுக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் கண் பிரசங்க மேடைக்குப் போகாது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த கால் ஆர்மோனியத்துக்குத்தான் போகும். மடியில் வைத்து வாசிக்கும் சின்னப் பெட்டி அல்ல அது. மேஜை உயரத்துக்குத் தேக்கில் செய்தது. கீழே இரண்டு மிதிகட்டைகள். இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி அசையும். துருத்தி அசைந்தால்தான் மேலே கட்டையை அழுத்தும்போது சத்தம் வரும். பாலர் பள்ளியில் வேலை பார்த்த அன்புச்செல்வி டீச்சர்தான் அதை வாசிப்பாள். சாராளைவிட வயதில் சின்னவள், இன்னும் கல்யாணம் ஆகாதவள்.

ஒருநாள் ஆராதனை முடிந்ததும் சாராள் அவளிடம் போய் நின்றாள்.

“ஏனுங் டீச்சர், இவளுக்கு இதச் சொல்லிக் குடுக்க முடியுங்களா? ஊட்டுல சாப்பாட்டுத் தட்டு மேலயே விரல ஓட்டிக்கிட்டு இருக்கறா. சோறு எறங்க மாட்டீங்குது.”

சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள் டீச்சர். பிள்ளைக்கு விரல் சுலபமாக வந்தது. கால்தான் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் மிதிகட்டைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு பூனை படுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் பெடலில் கட்டை கட்டுவார்களே, அதுபோல இரண்டு மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். பாதிப் பாட்டில் கழன்று ஓடின. ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். பிள்ளை சறுக்கிக் கீழே வந்தது.

“ரெண்டு வருஷம் போகட்டும்க்கா. கால் வளரட்டும்” என்றாள் டீச்சர்.

ஃபெமினா அழவில்லை. கட்டைகளை மூடும் பலகையைத் தடவிக்கொண்டே நின்றாள். அழுதிருந்தால்கூடச் சாராள் அதட்டிக் கூட்டிப் போயிருப்பாள். அந்தத் தடவல்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

“மிதிக்கத்தானுங்க வேணும்? கால்லதான் மிதிக்கோணும்னு இருக்குதா?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் குனிந்து இரண்டு மிதிகட்டைகளையும் இரண்டு கையால் மாற்றி மாற்றி அமுக்கினாள். காற்று ஏறியது. மேலே ஃபெமினா கட்டையை அழுத்த, கோயில் முழுக்கச் சத்தம் பரவியது. பிள்ளையின் கால்கள் அம்மாவின் தோள் மேல் இருந்தன, வேறு வைக்க இடமில்லாமல்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் இரண்டாவது சனிக்கிழமையே ஒரு தொல்லை வந்தது. பாட்டு தெரிந்த பாட்டு. சாராளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, பாடினாள். பாடினால் அவள் கை பாட்டின் பின்னால் ஓடும். பிடித்த வரி வந்தால் மூச்சை இழுத்து ஓங்கி அமுக்குவாள். ஆர்மோனியம் மாடு மாதிரி கத்தும். வரி முடிந்து அவள் மூச்சு வாங்கும்போது பெட்டியும் சேர்ந்து மூச்சு வாங்கும்.

“அம்மா, பாடாத!” என்று மேலிருந்து கத்தினாள் ஃபெமினா.

டீச்சர் சிரித்துவிட்டாள். “அக்கா, பாடறதுன்னா பாடுங்க. காத்தடிக்கறதுன்னா காத்தடிங்க. ரெண்டும் ஒண்ணா உங்களுக்கு ஆகாது.”

அன்றைக்குச் சாராள் வாயை மூடினாள். அவளுக்கு அது லேசான காரியமில்லை. பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரே சீராக, மாவாட்டுவது போல அமுக்கக் கற்றுக்கொண்டாள். காற்று போதவில்லை என்றால் ஃபெமினா குதிகாலால் தோளில் ஒரு இடி இடிப்பாள். காற்று கூடிப்போனால் இரண்டு இடி.

அடுத்த வருஷம் டீச்சர் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். சபையில் வாசிக்கத் தெரிந்த ஆள் என்று மிஞ்சியது நாலாம் வகுப்புப் படிக்கும் ஃபெமினாதான். அப்போதிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை பெஞ்சின் மேல், தாய் பெட்டிக்குக் கீழ். ஆர்மோனியத்தின் முதுகுப்பலகை சபையைப் பார்த்து இருந்ததால் சாராள் யார் கண்ணிலும் படமாட்டாள். ஜன்னலோரத்து இடம் பங்காரம்மாவுக்குப் போனது. பாட்டை எடுக்கும் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். ரப்பரை இழுப்பது போல ஒவ்வொரு வரியையும் இழுப்பாள். கீழே உட்கார்ந்திருந்த சாராளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை பாடாமல் விட்டதையெல்லாம் திங்கட்கிழமை தறிக்குடோனில் பாடித் தீர்த்துக்கொள்வாள்.

லாரி ஓட்டப் போகும் அவள் புருஷன் அந்தோணிராஜ் மாதத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவான். அவன் காதுக்கும் சேதி போனது. “ஏம்புள்ள, கோயலுக்குள்ள பஞ்சர் கடை போட்டிருக்கறயாமா?”

“ஆமா. உங்க லாரி டயர் கொண்டாங்க, அதுக்கும் அடிச்சு உடறேன்.”

அப்புறம் சபைக்குப் புதிய போதகர் வந்தார். வந்த மூன்றாம் மாதம், ஒரு சாயங்காலம், வேதப்புத்தகத்தோடு சாராள் வீட்டு வாசலில் நின்றார். அவள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உங்க பேரு சபை ரிஜிஸ்டர்ல இருக்கு. கோயில்ல ஒருநாள்கூடப் பார்க்கலையேம்மா. விசுவாசத்துல ஏதும் தளர்ச்சியா? மனசு விட்டுச் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து ஃபெமினா கெக்கெக்கெவென்று சிரிக்கும் சத்தம் வந்தது.

“நான் வாரம் தவறாம வாரனுங்க ஐயா. நீங்க நின்னு பிரசங்கம் பண்றீங்களே, அதுக்கு நாலடி தள்ளித்தான் உக்காந்திருக்கறேன். போன வாரம்கூட உங்க செருப்பு வாரு அந்து போயிருந்துச்சுங்களே.”

விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார். ஆனால் காப்பியைக் குடித்து முடித்தபோது யோசனையாக இருந்தார். “ஒரு வாத்தியத்துக்கு ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் ஆராதனையே பண்ண முடியாம தரையில. இது நல்லா இல்லைம்மா. காந்திபுரத்துல ஒரு பையன் இருக்கார், கீபோர்டு வாசிப்பார். கரண்ட்டுல ஓடறது. மிதிக்கவே வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்கு வரச் சொல்லலாம்னு இருக்கேன். சரியா வந்துட்டா அவரையே வச்சுக்கலாம்.”

சிரிப்புச் சத்தம் நின்றது. ஃபெமினா கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். “ஐயா, பண்டிகைக்கு நானே வாசிக்கறனுங்க. நானே மிதிச்சுக்கறேன். அம்மா வேண்டாம்.”

போதகர் பிள்ளையைப் பார்த்தார், அதன் காலையும் பார்த்தார். “பண்டிகைப் பாட்டு நடுவுல நிக்காம இருந்தா, கீபோர்டு பேச்சே இல்லை. சரியா?”

அவர் போன பிறகு சாராள் பிடித்துக்கொண்டாள். “அம்மா வேண்டாமாம்ல? பெரிய மனுசி! கால் நுனி இப்பத்தான தொடுது. அடுத்த வருசம் மிதிக்கலாம்ல?”

“ஓய்வுநாள் பள்ளியில எல்லாரும் என்னைக் காத்தடிக்கறவ புள்ளைங்கறாங்க.”

“சொல்லட்டுமே. காத்தடிச்சாத்தான பாட்டு வருது.”

“உனக்குத் தெரியாது போம்மா.”

அன்று இரவு சாராளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சொன்னதற்காக அல்ல. அந்த இருட்டுக்குள், எண்ணெய் வாசமும் பழைய மர வாசமும் கலந்த அந்த இடத்தில், தோள் மேல் இரண்டு கால்களோடு உட்கார்ந்திருந்த நேரம்தான் அவளுக்கு வாரத்திலேயே நல்ல நேரமாக இருந்திருக்கிறது. இத்தனை நாள் அது அவளுக்கே தெரியவில்லை.

பண்டிகையன்று கோயிலில் நிற்க இடமில்லை. மேடைக்கு முன்னால் வாழைத்தார், தேங்காய், கரும்பு, பூசணிக்காய். காலைக் கட்டிப்போட்ட சேவல் ஒன்று ஜெபம் நடக்கும்போதெல்லாம் கூவியது. சாராள் ஜன்னலோரம், பங்காரம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன சாராளு, உன்னைய வெளிய உட்டுட்டாங்களா?”

“சும்மா இருங்க அத்தை. புள்ள பெஞ்சுல ஏறிட்டா.”

முதல் பாட்டு நன்றாகப் போனது, இரண்டாவதும். ஃபெமினா பெஞ்சின் நுனிக்கு வந்து, பாதத்தின் முன்பக்கத்தால் மிதித்தாள். பழகிய பாட்டெல்லாம் நாலு சரணம். நாலு சரணம் தாங்க அவள் கால் பழகியிருந்தது. ஆனால் காணிக்கைப் பாட்டைப் பற்றித் தாயும் மகளும் யோசிக்கவே இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள், சபை முழுவதும் வரிசையாக வந்து விளைச்சலை வைத்துவிட்டுப் போகும்வரை அந்தப் பாட்டு நிற்காது. முடிந்தால் முதலிலிருந்து மறுபடியும் எடுப்பார்கள். இத்தனை வருஷமாகக் கீழே குனிந்திருந்தவளுக்கு, எத்தனை முறை என்ற கணக்கே மனதில் நின்றதில்லை.

மூன்றாம் முறை எடுக்கும்போது ஃபெமினாவின் கால் சோர்ந்தது. சத்தம் மெலிந்தது, சளி பிடித்த தொண்டை போல. வரிசையோ வாசலுக்கு வெளியே நின்றது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தார். போதகர் மேடையிலிருந்து ஆர்மோனியத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சாராள் எழுந்துவிட்டாள். எட்டு எட்டு வைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். உட்கார்ந்து அமுக்கிவிடலாம். அப்போது ஃபெமினா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். வேர்த்து வழியும் முகம். வராதே என்று அந்தக் கண் சொன்னது. அதே நேரம் ஆர்மோனியம் முழுசாக அடங்கியது.

நின்ற இடத்திலேயே சாராள் வாயைத் திறந்தாள்.

கோயிலுக்குள் பாடி எவ்வளவு காலம் ஆயிற்றோ, முதல் வார்த்தை கரகரவென்று வந்தது. அடுத்த வார்த்தைக்குத் தறிக்குடோன் தொண்டை வந்துவிட்டது. ஆட்டுக்குட்டி மிரண்டு நின்றது. பங்காரம்மா காதைப் பொத்தவில்லை. பொத்தாமல் கூடவே சேர்ந்து இழுத்தாள். சபை முழுக்கச் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தின் மறைவில் ஃபெமினா பெஞ்சிலிருந்து இறங்கி, பெஞ்சைக் காலால் பின்னால் தள்ளி, பாதி நின்றும் பாதி சாய்ந்தும் மிதித்துக் காற்றை ஏற்றிக்கொண்டாள். சரணத்தின் கடைசி வரியில் ஆர்மோனியம் மறுபடி உள்ளே வந்தது. கிழவர் ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பும்வரை அது நிற்கவில்லை.

போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கும் முன் ஃபெமினாவின் தலையில் கை வைத்து, “அடுத்த வாரப் பாட்டு என்னென்னன்னு வெள்ளிக்கிழமையே சொல்லிடறேன்” என்றார். அது போதுமாக இருந்தது.

ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு சாராள் வீட்டுக்கு நடந்தாள். பிள்ளை கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தது.

“ஏம்மா அத்தனை வேகம்? ஓட்டமா ஓடிப்போட்ட. உன்னையப் புடிக்கறதுக்குள்ள எனக்குக் காலே போச்சு.”

“நானா நின்னேன்? நின்னது உன்ற பெட்டிதான?”

“இனிமே கோயல்ல மெதுவாப் பாடு.”

“மெதுவாப் பாட எனக்கு வராது கண்ணு.”

ஃபெமினா கொஞ்ச தூரம் நடந்தாள். ஒரு காலை நொண்டிக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் இடுப்பிலிருந்த பூசணிக்காயின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டாள்.

“சரி உடு. நான் வேகமா மிதிச்சுக்கறேன்.”