பாய் விழித்திருந்தார்

நான் அளந்து விட்ட மருந்தைப் பாய் இடது கையால் மூக்கைப் பிடித்துச் சிந்தி வெளியே தள்ளிவிட்டார். ஆண்டுகள் சில ஆகியும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. மரத்துப்போக வைக்கும் மருந்து அது. சொட்டுச் சொட்டாக மூக்கில் விட்டு, "மேல உறிஞ்சுங்க பாய்" என்றதும் அவர் உறிஞ்சிய அழகில் அசந்துபோனேன். மற்றவர்கள் இருமுவார்கள், என் கையைத் தட்டிவிடுவார்கள். இவர் ஒரே இழுப்பில் உச்சிவரை இழுத்தார். ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்னால் முகம், மூக்கு, கை, கால் கழுவி ஒளுச் செய்கிற மனிதர். மூக்குக்குள் தண்ணீரை இழுத்தால் அடுத்து இடது கையால் சிந்துவதுதானே முறை? கை தானாகப் போய்விட்டது. "அறுவது வருசப் பழக்கம் டாக்டரம்மா, என்னையறியாமப் போயிருச்சு" என்று திறக்காத வாய்க்குள்ளேயே சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சிந்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லாதவள் நான்தானே.

பாய்க்குப் பழைய மதுரையில் பாத்திரக் கடை. காலமெல்லாம் பாக்கு மென்றதில் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாது. ஒரு வருடமாகக் கஞ்சிதான். அந்த இறுக்கத்தை வெட்டி வாயைத் திறக்க வைக்கத்தான் ஆபரேஷன். நான் மயக்க மருந்து மருத்துவர். திருநகரிலிருந்து ஒத்தக்கடை வரை எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவள். பொதுவாக ஆளைத் தூங்க வைத்துவிட்டு, வாயைத் திறந்து மூச்சுக்குழாய்க்குள் டியூப்பை விடுவோம். பாயைத் தூங்க வைத்தால் மூச்சு நிற்கும், வாய் திறக்காது, டியூப் போவதற்குள் ஆள் போய்விடுவார். ஆகவே மூக்கையும் தொண்டையையும் மரக்க வைத்து, லேசாக மட்டும் கிறங்க வைத்து, அவர் தாமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கேமராவின் துணையோடு மூக்கு வழியாக டியூப்பை இறக்க வேண்டும். சரியாக மரக்காத தொண்டையில் அது பட்டால் எப்பேர்ப்பட்ட மனிதனும் தாங்கமாட்டான்.

சரி, இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். சிந்தியது எவ்வளவு, உள்ளே நின்றது எவ்வளவு என்று யார் கண்டது? முழுதும் உள்ளே போனதாகவே வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிக்கனமாக விட்டு, மரக்கும்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி.

பொறுமைக்கும் ஆபரேஷன் செய்ய வந்த பெரிய டாக்டருக்கும் ஏழாம் பொருத்தம். கையுறை மாட்டி நின்றவர், "ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்? வெளிய ரெண்டு கேஸு காத்துக் கெடக்கு. ஊசியப் போட்டுத் தூங்க வச்சிட்டு டியூப்பத் தள்ளும்மா" என்றார்.

"முடியாது சார்" என்றேன்.

அந்தச் சொல்லை அங்கே அவரிடம் யாரும் சொன்னதில்லை என்பது நர்ஸின் முகத்திலேயே தெரிந்தது. "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று குரல் ஏறியது. பொய் சொல்வானேன், இனி இங்கே கூப்பிடமாட்டார் என்ற பயம் வந்தது. ஆனாலும் தூக்க ஊசியை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினேன். "மூச்சு நின்னுட்டா நீங்க வெட்டுறதுக்கு ஆளு இருக்காது சார்."

அப்போதுதான் மேசையிலிருந்து குரல் வந்தது. "டாக்டரய்யா, நான் முழிச்சுத்தான் இருக்கேன். நீங்க பேசுறது அம்புட்டும் காதுல விழுது. மூச்சு என்னோடது. இந்தம்மா சொல்றபடிதான் நடக்கணும். அவசரம்னா அந்த ரெண்டு பேரையும் பாத்துட்டு வாங்க." படியாத விலை கேட்பவரைக் கடையிலிருந்து அனுப்புகிற அதே தோரணை. நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். பெரிய டாக்டர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

மறுபடி சொட்டு விட்டபோது பாய் தன் இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மரத்த பிறகு கேமரா இறங்கியது. குரல் நாண்கள் திறந்து மூடுவது திரையில் தெரிந்தது. அதைத் தாண்டி டியூப் போனதும், "ஏதாவது பேசுங்க பாய்" என்றேன். உதடு அசைந்தது, சத்தம் இல்லை; டியூப் சரியான இடத்தில்தான் இருந்தது. டியூப்புக்குள் மூச்சு ஆவியாகப் படிந்தது. அதன் பிறகே டிராயரைத் திறந்தேன். மறுநாள் இரண்டு விரல் அளவுக்கு வாய் திறந்தது. நல்லபடியாக இருக்கிறீர்களா என்று கேட்கப் போனவளிடம், சோறு எப்போது தருவீர்கள் என்று சண்டைக்கு வந்தார்.

பெரிய டாக்டர் அதன்பின் என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

போன வாரம் வேறோர் ஆஸ்பத்திரி. வாய் திறக்க முடியாத ஒரு பெண்ணை மேசையில் வைத்துக்கொண்டே, "சீக்கிரம் தூங்க வச்சிருங்க மேடம்" என்றார் ஓர் இளம் சர்ஜன். இந்த முறை அந்தப் பயம் வரவில்லை. "அவங்க முழிச்சிருக்காங்க சார். அவங்ககிட்டயே கேளுங்க" என்று தலைமாட்டிலிருந்து விலகி அவருக்கு வழி விட்டேன். அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சர்ஜன் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டுக் காத்திருக்க உட்கார்ந்தார்.