உள்ளே பூசிய ஈயம்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பித்தளைத் தகடு வைத்திருக்கிறேன். ஒருபுறம் மஞ்சள், மறுபுறம் ஈயத்தின் வெள்ளை. என் மச்சான் காலமான பிறகு, அவருடைய ரைபிளைப் போலீஸில் ஒப்படைக்கும் முன், அதன் மரக்கட்டையின் அடியிலிருந்து அனுமதி பெற்று நான் கழற்றிக்கொண்டது. தோளில் பதியும் இடத்தைக் காக்கும் தகடு அது.

அதைச் செய்தவர் போடியில் பட்டறை வைத்திருந்த கன்னார். குடமும் குண்டானும் அடிப்பவர். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்ததற்கு முந்தைய ஆண்டின் ஐப்பசி. தேதியைக் குறித்து வைக்காதது இன்றும் உறுத்துகிறது. சிலமலையில் குடியிருந்த மச்சானுக்கு மேலே மலைச்சரிவில் ஏலத்தோட்டம். காய் எடுக்கும் பருவத்தில் பன்றிகள் வந்து தூரைக் கிளறிவிடும் என்பதால் உரிமத்தோடு ரைபிள் வைத்திருந்தார். பாறையில் வழுக்கி விழுந்ததில் அதன் கட்டை பிளந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை நண்பகலுக்குள் பெரியகுளத்தில் ரைபிளை முழுதாகக் காட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் புதுப்பிக்கும்வரை அது போலீஸ் நிலையத்தில்தான் இருக்கும். ஈட்டி மரத்தில் தச்சர் புதுக்கட்டை செய்து முடித்தார். பித்தளை வேலையைக் கன்னாரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு, போடி ஏலக்காய்க் கடையில் எழுத்தராக இருந்த என்னுடையது.

அவர் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, கட்டையின் வளைவுக்குத் தட்டினார். பிறகு விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தகட்டில் தடவி மரத்தில் அழுத்தி எடுப்பார். கறுப்பு ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி தடவுவார், அழுத்துவார். சுடும்போது விரல் இழுக்கும் குதிரையைச் சுற்றி வரும் காப்பு வளையத்துக்கும் அதே பொறுமை. வியாழன் மாலை என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கச் சொன்னார். நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கு நடுவே பட்டறையில் மச்சான் நின்றிருந்தார். நான் போனபோது அவர் குரல் தெருவரை கேட்டது. தகடு ஒரு மூலையில் தூக்கி நின்றது. வளையத்தில் குதிரை உரசியது. இரண்டின் உட்புறத்திலும் கன்னார் ஈயம் பூசியிருந்தார். புளி பட்டால் களிம்பேறும் என்று எந்தப் பித்தளைப் பாத்திரத்துக்கும் செய்வதுதான். ஈயத்தின் கனம் அவ்வளவு சீவலையும் வீணாக்கியிருந்தது.

"ஏன்யா, இதுல நான் ரசமா வைக்கப் போறேன்? மாப்ளே, நீயே பாரு இந்தக் கூத்த."

கன்னார் என்னை ஒருமுறை பார்த்தார். வேலையை ஒப்படைத்த அன்று நான் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது: "பாத்திரத்துக்குச் செய்யிற எல்லாத்தையும் செஞ்சிருங்கண்ணே, ஒண்ணையும் விட்டுறாதீக." நன்றாகச் செய்யுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

"பித்தளைன்னா கை தன்னால ஈயத்துக்குப் போயிருதுங்க" என்றார் கன்னார்.

நான் தூக்கி நின்ற மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

ஈயத்தைச் சுரண்டினால் தகடு கீறும் என்று, அவர் மரத்தையே மறுபடி கரி தடவிச் சீவ உட்கார்ந்தார். கடைசித் திருகாணி ஏறியபோது சனிக்கிழமை மணி இரண்டு. பெரியகுளத்து அலுவலகம் பூட்டியாயிற்று. ரைபிள் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தை மாதம்தான் திரும்பியது. அதற்குள் ஒரு சரிவு முழுவதும் பன்றிகள் உழுதுவிட்டிருந்தன. அதன்பின் எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'துப்பாக்கிக்கு ஈயம் பூசுன ஆளு' என்று கன்னாரைச் சொல்லி மச்சான் ஊரைச் சிரிக்கவைத்தார். அவர் கண்மூடும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்று தகட்டைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் களிம்பில்லாமல் இருக்கிறது. அதனால் என் பேச்சு சரியாகிவிடாது.

மறு வருடம் என் கல்யாணத்துக்குக் குண்டான் வாங்கப் பட்டறைக்குப் போனேன். கன்னார் முகத்தில் கோபமில்லை. குண்டானைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டு, பக்கத்தில் ஆளிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உள்ள ஈயம் பூசவா, வேணாமா? இந்தத் தடவ யோசிச்சுச் சொல்லுங்க தம்பி."