மாசானம் பிழைத்த பன்னிரண்டு நோட்டுகள்

ஏழு வருடம் உழைத்ததற்கு ஒரு தாள் வேண்டும். உமாராணி கேட்டது அவ்வளவுதான். 'இன்னார் எங்கள் ஆஸ்பத்திரியில் சுவாச சிகிச்சையாளராக ஏழு வருடம் வேலை பார்த்தார்' என்று லெட்டர்பேடில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து, ஒரு சீல். அந்த அனுபவச் சான்றிதழ் கிடைத்தால் மஸ்கட்டில் வேலை. கிடைக்காவிட்டால் தூத்துக்குடியிலேயே, அதே ஐ.சி.யூ.வில், சம்பளப் பட்டியலில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற பெயரோடு கிடக்க வேண்டியதுதான். சான்றிதழை அடித்து, சீல் குத்தி, தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாக இழுத்தடித்தார் மேனேஜர் சிவப்பிரகாஷ்.

நாலு வருடம் மூச்சு ஒன்றை மட்டுமே படித்தவளை நர்ஸ் கணக்கில் எழுதியிருந்தார்கள். கேட்டால், "இந்த ஊர்ல சுவாச சிகிச்சையாளர்னு சொன்னா யாருக்கும்மா தெரியும்?" என்பார் மேனேஜர். உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா இசக்கியப்பனுக்கே அது சரியாக விளங்கியதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "எம் மவ மூச்சு டாக்டருக்குப் பக்கத்துல நிக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். மூச்சு டாக்டர் என்று ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தால்தானே பக்கத்தில் நிற்க!

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தி மதுரையில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களைப் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறாள். ஒருவன் வெண்டிலேட்டர் விற்கிற கம்பெனியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் மெஷினை ஓட்டிக் காட்டுகிறான். இன்னொருத்தி வீட்டிலேயே மெஷினோடு படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அனிஷ் மஸ்கட்டுக்குப் போனான். அவன்தான் இவளுக்கும் இடம் பார்த்துச் சொன்னவன். "இங்க நம்மளக் கேக்காம டாக்டரே மெஷின்ல கை வைக்க மாட்டாருளா" என்று அவன் போனில் சொன்னதை உமாராணி பல நாள் நம்பவில்லை.

அவள் ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்தால் தோளில் ஒரு துணிப்பை இருக்கும். சொந்தக் காசில் வாங்கிய ஸ்டெதஸ்கோப், சின்ன டார்ச், பாதுகாப்புக் கண்ணாடி, பிளாஸ்திரி, கத்தரி, ஊதிப் பார்க்கிற மீட்டர் ஒன்று. இவற்றோடு, கைக்கு அடக்கமாக ஒரு அழுத்தமானி. அதை மட்டும் யாருக்கும் இரவல் தரமாட்டாள். மூச்சுக்குழாய்க்குள் விடுகிற டியூபின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. கஃப் என்பார்கள். அதில் காற்று குறைந்தால் மெஷின் தள்ளுகிற காற்று ஓரமாகக் கசிந்துவிடும், வாயில் ஊறுகிற எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்கும். கூடினால் உள்ளே இருக்கிற சதை புண்ணாகும். அழுத்தமானி வைத்து அளந்து பார்க்க வேண்டிய அதை, அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் விரலால் அமுக்கிப் பார்த்து, "ம், இருக்கு" என்று போய்விடுவார்கள். மாம்பழம் வாங்குகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் கவனமாக அமுக்குவார்கள்.

அந்த இடத்தில் குமட்டுவதற்கு வேறு சங்கதிகளும் இருந்தன. ஒரு ஆளுக்குப் போட்டுத் தூக்கி எறிய வேண்டிய, மூச்சுக்காற்றை வடிகட்டுகிற ஃபில்டரை மருந்துத் தண்ணீரில் முக்கி, மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகக் காயப்போடுவார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற நிலக்கரித் தூசி அதன்மேல் படியும். மத்தியானம் எடுத்து, ஊதி, அடுத்த ஆளின் டியூபில் மாட்டுவார்கள். உமாராணி பார்த்த இடத்திலெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அவள் ஷிஃப்ட் முடிந்ததும் குப்பையிலிருந்து எடுத்து மறுபடியும் முக்கினார்கள். சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, நிம்மதியாக இட்லி தின்கிறவள் அவள். அந்தக் கொடியைப் பார்த்த அன்று மட்டும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனை கறாராக அவள் பிறக்கவில்லை. அதற்கு ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மாசானம் என்று ஒருவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஐம்பத்திரண்டு வயது, நிமோனியா முற்றி வெண்டிலேட்டரில் இருந்தார். காற்று குறைகிறது என்று மெஷின் கத்தியது. உமாராணி ஓடிப்போய்ப் பார்த்தாள். எல்லா ஒயரும் இருந்தது, எல்லாக் குழாயும் மாட்டியிருந்தது. தொண்டைக்குள் ஏதோ களகளவென்று சத்தம். சீனியர் நர்ஸ், "அது அப்படித்தான் கத்தும், அமத்துளா" என்றாள். உமாராணி பொத்தானை அமுக்கி அலாரத்தை அமத்தினாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி கத்தியது. மறுபடி அமத்தினாள். ஏழு தடவை அமத்தினாள். கஃப் இறங்கியிருக்கிறது, நாலு மில்லி காற்று ஏற்றினால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாசானம் நீலம் பூத்து, இதயம் நின்று, முக்கால் மணி நேரம் நெஞ்சை அமுக்கியும் திரும்பவில்லை.

நாற்பது நோயாளிகளுக்குக் கஃப் அளந்ததாக அவளுடைய கல்லூரி நோட்டில் எழுதியிருந்தது. ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது. உண்மையில் அவள் அளந்தது ஒரே ஒரு ரப்பர் பொம்மைக்கு. எந்தக் கட்டத்தில் என்ன எண் போட வேண்டும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

மாசானத்தின் சாவை யாரும் கேட்கவில்லை. நிமோனியா என்று எழுதி உடலைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் உமாராணி அழுத்தமானி வாங்கினாள். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நகலெடுத்து, மூன்று பாகமாகச் சுருள்கம்பி போட்டு, முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள். மெஷின் திரையில் வருகிற அலைகளை போனில் படம் பிடித்து, அனிஷுக்கு அனுப்பி, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவன் உயிரை எடுத்தாள். படிக்கும்போது படிக்காததை வேலையில் இருந்துகொண்டு படித்தாள். ஏன் படிக்கிறாள் என்பதை யாரிடமும், அனிஷிடம்கூட, சொல்லவில்லை.

அவள் சேர்ந்த வருடமே ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்றாவது மாடியில் பாராமெடிக்கல் கல்லூரி ஒன்றைத் திறந்திருந்தார்கள். 'வெளிநாட்டில் வேலை உறுதி' என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு. மூச்சுப் படிப்புக்கு வருடம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயக்காட்டுப் பிள்ளைகள், உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைக் கோட்டு மாட்டி அவர்களைப் புறநோயாளிப் பிரிவில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். சம்பளமில்லாத ஆள். ஐ.சி.யூ. வாசலை அவர்கள் மிதித்தது ஃபைல் கொண்டுவந்து கொடுக்கத்தான். இரண்டு தடவை உமாராணி மேலே போய், "என்கிட்ட அனுப்புங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டாள். "டோக்கன் யாரு குடுப்பா?" என்றார் மேனேஜர், நிஜமாகவே புரியாதவர் போல.

இந்த வருடக் கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் காலை சிவப்பிரகாஷ் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் பன்னிரண்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன. பிரவுன் அட்டை, லேபிள், எல்லாம் ஒழுங்கு.

"உமா மேடம், நாளைக்கு வெளியூர்லேருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாராரு. பிள்ளைங்க கேஸ் நோட்டு. மேற்பார்வையாளர்னு போட்ட எடத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். செல்லப்பாண்டி போட்டா ஏத்துக்கிடுவாங்களோ மாட்டாங்களோ. அவன் மயக்க மருந்து டெக்னீசியன்தானே. நீங்கன்னா பக்காவா இருக்கும்."

"இவங்க ஒரு கேஸும் பாக்கலியே சார்."

"பாத்ததாத்தான் எழுதிட்டாங்களே." டிராயரைத் திறந்து சான்றிதழை எடுத்து, நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் கையோட வாங்கிட்டுப் போயிருங்க. எத்தனை நாளைக்குத்தான் உங்களை அலையவிட?"

அப்படிச் சிரித்தார் மனுஷன். பல்லில் காலையில் தின்ற வடையின் கறிவேப்பிலை. உமாராணிக்கு அந்த வாயிலேயே ஒன்று போட வேண்டும் என்றிருந்தது. ஆனால் கை என்ன செய்தது? பேனாவை எடுத்தது. சீ என்று இருந்தது அவளுக்கு, அவரைப் பார்த்தல்ல, தன் கையைப் பார்த்து. நான் போடாவிட்டால் இன்னொருத்தர் போடுவார், நான் ஏன் இங்கே கிடந்து அழுக வேண்டும் என்று மனசுக்குள் பூசி மெழுகிக்கொண்டே நோட்டுகளைப் பக்கத்து அறைக்கு எடுத்துப்போனாள். திறந்து பார்க்காமல், கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டி, மளமளவென்று ஐந்து நோட்டில் போட்டுவிட்டாள்.

ஆறாவது நோட்டு கை தவறிக் கீழே விழுந்து விரிந்தது. எடுக்கக் குனிந்தவள் கண்ணில் பட்டது அந்த வரி.

'கேஸ் எண் 14. மாசானம், வயது 52. நிமோனியா. வெண்டிலேட்டர். கஃப் அழுத்தம் அளக்கப்பட்டது. பலன்: குணமடைந்து வீடு திரும்பினார்.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஏழாவது நோட்டைத் திறந்தாள். கேஸ் எண் 14, மாசானம், வீடு திரும்பினார். எட்டாவது, அதே. கையெழுத்துப் போட்டுவிட்ட ஐந்தையும் திறந்தாள். பன்னிரண்டிலும் மாசானம் பிழைத்து, டியூபைப் பிடுங்கிவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

எப்படி வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கல்லூரியின் முதல் செட் பிள்ளைகள் ஐ.சி.யூ. ரிஜிஸ்டரில் அன்றைக்கு இருந்த பெயர்களை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அப்போது மாசானம் உயிரோடு இருந்தார். பலன் கட்டத்தில் நல்லதாகத்தானே எழுத வேண்டும், எழுதிவிட்டார்கள். அடுத்த செட் அதைப் பார்த்து எழுதியது. அதற்கடுத்த செட்டும். ஒருத்தர்கூட அந்தப் பெயரை வாசித்திருக்கவில்லை. தூ, வருடா வருடம் அந்த மனுஷனை எழுப்பி நடக்கவிட்டு மார்க் வாங்கியிருக்கிறார்கள். இந்த வருடம் அதற்குச் சாட்சிக் கையெழுத்து, அவரைக் கொன்றவளுடையது.

உமாராணி உட்கார்ந்தாள். ஐந்து கையெழுத்தையும் அடித்தாள். பிறகு முதல் நோட்டை எடுத்து, பதினாலாம் கேஸில் 'குணமடைந்து வீடு திரும்பினார்' என்பதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'இறந்தார். கஃப் இறங்கியதைக் கவனிக்கவில்லை. அலாரம் ஏழு முறை அணைக்கப்பட்டது. அணைத்தவர்: உமாராணி.' கீழே கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை முழுக் கையெழுத்து. இப்படியே பன்னிரண்டு நோட்டிலும்.

அவள் திரும்பக் கொண்டுவந்து வைத்த நோட்டுகளில் சிவப்பிரகாஷ் முதல் நோட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைத் திறக்கவில்லை.

"புத்தி பெரண்டு போச்சா உனக்கு?" 'மேடம்' என்ற மரியாதை போய்விட்டது. "இது வெளிய போனா உன் மேலதான கேஸு வரும்?"

"வரட்டும் சார்."

"மஸ்கட்டு?"

அவள் பேனாவை மூடினாள். அவர் சான்றிதழை எடுத்தார். கோபமாகக் கிழிக்கவில்லை. நிதானமாக நாலாக மடித்துக் கிழித்து, கூடையில் போட்டுவிட்டு, போனை எடுத்தார். "ஏலே செல்லப்பாண்டி, மேல வா. நீயே கையெழுத்துப் போடு, எக்ஸ்டர்னல் ஏத்துக்கிடலைன்னா நான் பேசிக்கிடுதேன். புது நோட்டு பன்னெண்டு வாங்கச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள பிள்ளைங்க எழுதி முடிக்கணும்."

அவ்வளவுதான் ஆனது. ஏழு வருடத்துப் பாரத்தை இறக்கி வைத்ததற்கு, பன்னிரண்டு புது நோட்டு.

மத்தியானம் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் மூன்றாவது மாடியைக் கடந்தாள். வகுப்பில் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசல் ஓரத்துப் பெஞ்சில் சரண்யாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி மகள், வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள். பழைய நோட்டை இடது பக்கமும் புது நோட்டை வலது பக்கமும் வைத்து எழுதியவள் பேனாவை நிறுத்தியிருந்தாள். உமாராணியைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்தப் பதினாலாவது கேஸு. இதுல எதை எழுதணும்க்கா? வீடு திரும்பினார்னு எழுதவா, நீங்க எழுதினதை எழுதவா?"

பிள்ளை முகத்தில் கள்ளமில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"நீ என்ன பாத்தியோ அதை எழுது."

சரண்யாதேவி விழித்தாள். "நான் ஒண்ணும் பாக்கலியே அக்கா. டோக்கன்லதான இருந்தேன்."

"அப்போ அதை எழுதுளா."

வராந்தாவின் கடைசியில் மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே செல்லப்பாண்டியின் சிரிப்புக் கேட்டது. சரண்யாதேவி அந்தப் பக்கம் பார்த்தாள், உமாராணியைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, முத்து முத்தான எழுத்தில், 'குணமடைந்து வீடு திரும்பினார்' என்று எழுதினாள்.